வாடகைக்கு வரும் சாப்ட்வேர்: சந்தா கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் பழகுவது டைப் செய்வதும், இன்டர்நெட் பார்ப்பதும், பாட்டுக் கேட்பதும்தான். இரண்டாவது மாதத்தில் ஆசை கொஞ்சம் வளரும். காதுகுத்து போட்டோவில் பின்னால் தெரியும் பிளாஸ்டிக் நாற்காலியை நீக்க வேண்டும். பெண்ணின் பிறந்த நாளுக்கு வீட்டிலேயே ஓர் அழைப்பிதழ் வடிவமைக்க வேண்டும். பையன் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான். உடனே சாப்ட்வேர் நிறுவனத்தின் தளத்திற்குப் போகிறீர்கள். அங்கே 'விலை இவ்வளவு' என்று இருக்காது. 'மாதம் இவ்வளவு' என்று இருக்கும்.

மாதம் இவ்வளவுதானே என்று கார்டு எண்ணைக் கொடுத்துவிடலாமா? சாப்ட்வேர் எழுதுவது என் தொழில் என்பதால், உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு 'சரி', 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. முதலில் இரண்டு முறைகளும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம். உதாரணத்திற்கு, எல்லோரும் அறிந்த போட்டோஷாப்பையே எடுத்துக்கொள்வோம்.

இரண்டு முறைகள்

முதல் முறை, ஒரே தடவை பணம் கட்டி வாங்குவது. இதை 'முழு விலை' என்று அழைப்போம். முன்பு அட்டைப் பெட்டியில் சி.டி.யும் சீரியல் எண்ணும் கொடுப்பார்கள். அந்த எண்ணை டைப் செய்து இன்ஸ்டால் செய்துவிட்டால், அந்தப் பதிப்பைக் கால வரம்பு இல்லாமல் பயன்படுத்தலாம். அடுத்த புதிய பதிப்பு வந்தால், வேண்டுமானால் குறைந்த விலையில் அப்கிரேடு செய்துகொள்ளலாம். வேண்டாமென்றால் பழையதிலேயே வேலை செய்யலாம்.

இரண்டாவது முறை சந்தா. மாதா மாதமோ ஆண்டுக்கொரு முறையோ பணம் கட்ட வேண்டும். கட்டும் வரை புதிய பதிப்புகள் எல்லாம் தானாகக் கிடைக்கும். கட்டுவதை நிறுத்தினால் சாப்ட்வேர் வேலை செய்வதை நிறுத்திவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு முறைகளிலுமே சாப்ட்வேர் உங்கள் சொத்தாக மாறுவதில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமையை, அதாவது லைசென்ஸைத்தான் வாங்குகிறீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமலே 'ஐ அக்ரீ' என்று கிளிக் செய்கிறோமே, அந்த நீண்ட பத்திரத்தில் இதுதான் எழுதியிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் பின்னாளில் திரும்பப் பெறக்கூடிய டிஜிட்டல் பொருளை 'பை' என்ற பட்டனில் விற்றால், கிடைப்பது லைசென்ஸ் மட்டுமே என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

போட்டோஷாப்பின் பாதை

தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப்பை, அடோபி நிறுவனம் 1990ல் முதன்முதலாக வெளியிட்டது. 2003ல் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக்கி 'கிரியேட்டிவ் சூட்' என்று பெயரிட்டார்கள். சி.எஸ். 3 பதிப்பு 2007ல், சி.எஸ். 4 2008ல், சி.எஸ். 5 2010ல், சி.எஸ். 6 2012ல் என்று வரிசையாக வந்தன. 2013 மே மாதத்தில் அடோபி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி கிரியேட்டிவ் சூட்டில் புதிய பதிப்பு வராது. 'கிரியேட்டிவ் கிளவுட்' என்ற சந்தா முறை மட்டுமே என்றது. பலர் எதிர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். முடிவு மாறவில்லை. கடைசி முழு விலைப் பதிப்பான சி.எஸ். 6 விற்பனையும் 2017ல் நின்றுவிட்டது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? முழு விலை முறையில் நிறுவனத்திற்கு ஒரு தலைவலி உண்டு. பழைய பதிப்பே நன்றாக வேலை செய்தால் யாரும் புதியதை வாங்க மாட்டார்கள். புதிய பதிப்பு வரும் ஆண்டில் பணம் கொட்டும், மற்ற ஆண்டில் வற்றும். சந்தா என்றால் வருமானம் மாதா மாதம் சீராக வரும். மாறிய ஆண்டில் அடோபியின் மொத்த வருமானம் குறையத்தான் செய்தது: 2012ல் சுமார் 440 கோடி டாலர், 2013ல் சுமார் 405 கோடி டாலர். ஆனால் 2024ல் அது சுமார் 2,150 கோடி டாலர். இதில் வேறு தொழில்களின் பங்கும் உண்டு என்றாலும், சந்தா அவர்களுக்கு நஷ்டமாக இல்லை என்பது தெளிவு.

சரி, நமக்கு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அமெரிக்காவில் போட்டோஷாப் சி.எஸ். 6ன் விலை 699 டாலர். முந்தைய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அப்கிரேடு 199 டாலர். 2013ல் போட்டோஷாப் மட்டும் வேண்டுமென்றால் சந்தா மாதம் 19.99 டாலர். ஒரே காலத்து விலைகள் என்பதால் ஒப்பிடுவது எளிது.

ஓர் ஆண்டு மட்டும் பயன்படுத்தினால்: சந்தா 240 டாலர், முழு விலை 699 டாலர். சந்தாவே லாபம்.

35 மாதம் பயன்படுத்தினால்: இரண்டும் சமம்.

ஆறு ஆண்டு, இரண்டு ஆண்டுக்கொரு முறை அப்கிரேடு செய்தால்: முழு விலையோடு இரண்டு அப்கிரேடு சேர்த்து 1,097 டாலர். சந்தா 1,439 டாலர்.

ஆறு ஆண்டு, அப்கிரேடே செய்யாவிட்டால்: 699 டாலர். சந்தா அதே 1,439 டாலர்.

அதே 2013ல் போட்டோகிராபர்களுக்கென்று போட்டோஷாப்பும் லைட்ரூமும் சேர்ந்த ஒரு திட்டம் மாதம் 9.99 டாலருக்கு வந்தது. அதன்படி 699 டாலரை எட்டவே கிட்டத்தட்ட ஆறு ஆண்டு ஆகும். ஆக, சந்தா என்றாலே கொள்ளை என்று சொல்வது சரியல்ல. கொஞ்ச காலம் பயன்படுத்துபவருக்கும், எப்போதும் புதிய பதிப்பு வேண்டும் என்பவருக்கும் சந்தா பொருந்தும். ஒரு பதிப்பை வாங்கித் தேயத் தேயப் பயன்படுத்துபவருக்கு முழு விலைதான் லாபம். சந்தாவில் விலையை மாற்றும் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். போட்டோகிராபர்களுக்கான அந்த 9.99 டாலர் திட்டத்தைப் புதியவர்களுக்கு விற்பதை 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள்.

கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது?

'கிளவுட்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, சந்தா சாப்ட்வேர் இன்டர்நெட்டில் எங்கோ ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். போட்டோஷாப் போன்றவை வழக்கம்போல உங்கள் ஹார்ட் டிஸ்க்கில்தான் இன்ஸ்டால் ஆகின்றன. உங்கள் கம்ப்யூட்டரின் புராசசரையும் மெமரியையும்தான் பயன்படுத்துகின்றன. வித்தியாசம் பூட்டில் இருக்கிறது.

இத்தகைய பூட்டுகள் பொதுவாக இப்படி வேலை செய்யும். முதல் முறை லாக் இன் செய்யும்போது நிறுவனத்தின் சர்வர் ஒரு சிறிய அனுமதிச் சீட்டை உங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அதில் காலாவதித் தேதி இருக்கும். சாப்ட்வேரைத் திறக்கும்போதெல்லாம் அது இந்தச் சீட்டைப் பார்க்கும். தேதி முடிந்துவிட்டால் இன்டர்நெட் வழியாகச் சர்வரைக் கேட்கும். பணம் வந்திருந்தால் புதுச் சீட்டு கிடைக்கும். இல்லையென்றால் கதவு திறக்காது. கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்தால் ஏமாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். கடைசியாகப் பார்த்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி எழுதுவது புரோகிராமருக்குச் சிரமமே இல்லை.

சாவி வேறு ஊரில் இருப்பதால் சில ஆபத்துகள் உண்டு. 2014 மே மாதத்தில் அடோபியின் லாக் இன் சேவை ஒரு நாளுக்கும் மேல் வேலை செய்யவில்லை. 2019 அக்டோபரில் அமெரிக்க அரசின் தடை உத்தரவு காரணமாக, வெனிசுவேலா நாட்டில் உள்ள எல்லோருடைய கணக்குகளையும் முடக்கப் போவதாக அடோபி அறிவித்தது. பின்னர் அரசின் அனுமதி கிடைத்து, அந்த மாதக் கடைசியிலேயே சேவை தொடர்ந்தது. ஆனாலும் ஒழுங்காகப் பணம் கட்டியவர்கள் அந்த நாட்களில் எவ்வளவு தவித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சந்தா நின்றால் உங்கள் பைல்கள்?

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். விலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அண்டா, குண்டா, கட்டில், பீரோ எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். வீடு அவருடையது, பொருள் நம்முடையது. சாப்ட்வேரில் அப்படி இல்லை. நீங்கள் செய்த வேலை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் அதைத் திறக்கும் சாப்ட்வேர் பூட்டிக் கிடக்கும்.

எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணன், கல்யாண ஆல்பம் தயாரிக்கச் சந்தாவில் ஒரு சாப்ட்வேர் வைத்திருந்தார். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, வருமானமும் கிடையாது. எனவே சந்தாவை நிறுத்தினார். புத்திசாலித்தனமான முடிவுதான். ஆனால் நடு ஆடியில் ஒரு வாடிக்கையாளர் வந்து, ஆல்பத்தின் முதல் பக்கத்தில் தாத்தாவின் பெயர் தவறாக இருக்கிறது, திருத்தி இன்னொரு பிரதி வேண்டும் என்றார். பைல் இருந்தது, திறக்கவில்லை. "நானே செய்த ஆல்பம் தம்பி, எனக்கே திறக்க மாட்டேங்குது" என்றார் அண்ணன். இரண்டு எழுத்தைத் திருத்த அவர் ஒரு மாதச் சந்தாவை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

இதைத் தவிர்க்க, பைல்களின் பார்மட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. பைலில் படம் பல லேயர்களாக இருக்கும். கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் போட்டோ, மற்றொன்றில் எழுத்து, இன்னொன்றில் பூ வேலைப்பாடு. தனித்தனியாக இருப்பதால் பின்னால் திருத்த முடியும். ஜேபெக் ஆக மாற்றினால் எல்லாத் தாள்களும் ஒட்டி ஒரே படமாகிவிடும். பார்க்கலாம், பிரின்ட் எடுக்கலாம். எழுத்தைத் திருத்த முடியாது. கிம்ப் போன்ற இலவச சாப்ட்வேர்கள் பி.எஸ்.டி. பைலைத் திறக்கும். ஆனால் சில லேயர்களும் எபெக்டுகளும் அப்படியே வராமல் போகலாம்.

தமிழில் டிசைன் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த பைலை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எனவே முடிந்த வேலையை எழுத்துருவையும் உள்ளடக்கிய பி.டி.எப். ஆகவும் சேமித்து வையுங்கள். எழுத்துரு பைலையும் அதே போல்டரில் ஒரு நகல் போட்டு வையுங்கள்.

சந்தா என்றாலே இப்படித்தான் பூட்ட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. அடோபியின் லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்த பிறகும் உங்கள் போட்டோக்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். மெருகேற்றும் பகுதி வேலை செய்யாது. புரோகிராமர்களுக்கான கருவிகளை விற்கும் ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனம் 2015ல் சந்தாவுக்கு மாறியபோது எதிர்ப்பு வந்தது. அதன்பின், ஓராண்டு தொடர்ந்து சந்தா கட்டியவர் நிறுத்திய பிறகும் ஒரு பழைய பதிப்பை வைத்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றியது. எனவே வாங்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நான் நிறுத்தும் நாளில் என் கையில் என்ன மிஞ்சும்?"

முழு விலையிலும் முடிவு உண்டு

முழு விலை கொடுத்தால் ஆயுளுக்கும் கவலையில்லை என்று நினைக்காதீர்கள். சீரியல் எண்ணைச் சரிபார்க்கும் சர்வரை நிறுவனம் ஒருநாள் மூடக்கூடும். பழைய சி.எஸ். 2 தொகுப்புக்கான சர்வரை அடோபி மூடியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக 2013ல் சரிபார்ப்பு தேவையில்லாத பதிப்பைக் கொடுத்தது. எல்லா நிறுவனங்களும் அப்படிக் கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

ஆபரேட்டிங் சிஸ்டம் மாறினாலும் பிரச்சினைதான். ஆப்பிள் நிறுவனம் 2019ல் வெளியிட்ட மேக் ஓ.எஸ். கேட்டலினா, பழைய 32 பிட் சாப்ட்வேர்களை அடியோடு நிறுத்தியது. முழு விலைக்கு வாங்கிய பல சாப்ட்வேர்கள் அன்றோடு ஓய்ந்தன. லைட்ரூம் 6 வாங்கியவர்களுக்கு, போட்டோ எடுத்த இடத்தை மேப்பில் காட்டும் வசதி 2018 நவம்பருக்குப் பிறகு வேலை செய்யவில்லை. அது கூகுள் மேப் சேவையை நம்பியிருந்ததே காரணம்.

'சந்தா இல்லை' என்ற வார்த்தையையும் கவனமாகப் படியுங்கள். அடோபியின் போட்டோஷாப் எலிமென்ட்ஸ் 2025 பதிப்பு ஒரே தடவை பணம் கட்டி வாங்குவதுதான். ஆனால் அந்த லைசென்ஸின் ஆயுள் மூன்று ஆண்டு.

இலவசம் என்ற மூன்றாவது வழி

வீட்டு உபயோகத்திற்குப் பல நேரங்களில் இதுவே போதும். போட்டோ திருத்த கிம்ப் இருக்கிறது. 1995ல் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய இதன் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தது. அழைப்பிதழ், லோகோ போன்றவற்றிற்கு இங்க்ஸ்கேப். படம் வரைய கிரிட்டா. இவை மூன்றும் ஓப்பன் சோர்ஸ் வகை. அதாவது புரோகிராமின் மூல வரிகளையே யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், இவற்றுக்கு எந்த நிறுவனமும் பூட்டுப் போட முடியாது. வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ். அது ஓப்பன் சோர்ஸ் இல்லை என்றாலும், அதன் இலவசப் பதிப்பே தாராளம்.

அபினிட்டி என்ற தொகுப்பு சந்தா வேண்டாம் என்பவர்களிடம் நல்ல பெயர் வாங்கியது. முழு விலை முறையில் மலிவாக விற்று வந்த அந்த நிறுவனத்தை 2024ல் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரில் அபினிட்டி இலவசமாக்கப்பட்டது. பயன்படுத்த கேன்வா கணக்கு வேண்டும், ஏ.ஐ. வசதிகளுக்குக் கட்டணச் சந்தா வேண்டும். இலவசம் நல்லதுதான். ஆனால் இங்கும் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

நண்பர் கொடுத்த பென் டிரைவில் 'கிராக்' செய்த போட்டோஷாப் வருமே, அதை நான்காவது வழியாக எண்ண வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பதோடு, பூட்டை உடைத்தவர் உள்ளே வேறு எதை வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அதே கம்ப்யூட்டரில்தான் நீங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள்.

சந்தா கட்டும் முன்

1. 'மாதம் இவ்வளவு' என்பது மாதச் சந்தாவா, மாதத் தவணையில் கட்டும் ஆண்டுச் சந்தாவா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆண்டுத் திட்டத்தை நடுவில் நிறுத்தினால் அபராதம் இருக்கலாம். மாதம் 1,000 ரூபாய், மீதித் தொகையில் பாதி அபராதம் என்று வைத்துக்கொண்டால், நான்காம் மாத முடிவில் விலகுபவர் 4,000 ரூபாய் கட்ட வேண்டும். இத்தகைய அபராதத்தை வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகக் காட்டவில்லை என்று குற்றம் சாட்டி, 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது.

2. முதல் ஆண்டுச் சலுகை விலையை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்று பாருங்கள். மாணவர் சலுகைக்கும் இது பொருந்தும்.

3. இலவச டிரையலுக்குக் கார்டு எண் கேட்டால், அது முடிவதற்கு இரண்டு நாள் முன்பு மொபைலில் அலாரம் வையுங்கள்.

4. கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் அழிக்காதீர்கள். நிறுத்துவதற்கு அதுதான் நல்ல நேரம்.

5. நிறுத்தும் முன் கிளவுட்டில் உள்ள பைல்களை உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

யாருக்கு எது?

எப்போதாவது போட்டோ திருத்துபவர், படம் வரையும் குழந்தை: இலவச சாப்ட்வேரிலேயே தொடங்குங்கள். போதவில்லை என்று தெரிந்த பிறகு பணத்தை யோசிக்கலாம்.

இரண்டு மூன்று மாதம் மட்டும் ஒரு வேலை இருப்பவர்: நிபந்தனையில்லாத மாதச் சந்தா.

இதையே தொழிலாகச் செய்பவர், அச்சகத்துக்கும் ஸ்டூடியோவுக்கும் பைல் அனுப்புபவர்: அவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதுவே உங்களுக்கும் வேண்டும். அது சந்தாவாக இருந்தால் சந்தாவைத் தொழில் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே வகை வேலையைப் பல ஆண்டு செய்யப் போகிறவர்: முழு விலையில் கிடைத்தால் அதுவே சிக்கனம். அந்தக் கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றும் முன் சாப்ட்வேர் ஓடுமா என்று விசாரித்துவிட்டு மாற்றுங்கள்.

இம்மாதப் பயிற்சி

கிம்ப் சாப்ட்வேரை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து டவுன்லோடு செய்யுங்கள். ஒரு போட்டோவைத் திறந்து, அதன் மேல் உங்கள் பெயரைத் தனி லேயராக எழுதுங்கள். முதலில் கிம்ப்பின் சொந்தப் பார்மட்டான எக்ஸ்.சி.எப். ஆகவும், அடுத்து பி.எஸ்.டி. ஆகவும், கடைசியாக ஜேபெக் ஆகவும் சேமியுங்கள். பிறகு மூன்றையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து, பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள். எதில் முடிகிறது, எதில் முடியவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனி எந்த சாப்ட்வேருக்குப் பணம் கட்டும் முன்பும், டிரையல் காலத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும்.